காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் வால்வு?

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலியை விட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வர யாருக்கு மனசு வரும்? மெடிக்கலில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுவார். காய்ச்சல் இறங்கும். பத்து நாள் கழித்து மறுபடி வரும். இந்தத் தடவை வேறு மாத்திரை.

இது யாருக்குமே நல்ல பழக்கம் இல்லை. அதிலும் சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) வந்து இதய வால்வு கெட்டவர், செயற்கை வால்வு வைத்தவர், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர் என்றால் உயிருக்கே ஆபத்து.

பல் தேய்க்கும்போதுகூட ஈறு வழியாகக் கொஞ்சம் பாக்டீரியா ரத்தத்தில் நுழையும். உடம்பு அதைச் சீக்கிரமே ஒழித்துவிடும். ஆனால் சிதைந்த வால்வின் மேல் ஒட்டிக்கொண்டால் அங்கேயே கூடு கட்டிவிடும். வெள்ளை அணுக்கள் அதற்குள் எளிதில் புக முடியாது. கூட்டிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்வது, வால்வில் கிருமி இப்படிக் கூடு கட்டும் தொற்றைத்தான்.

இதில் பெரிய தவறு, ரத்தக் கல்ச்சர் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்வதுதான். வெவ்வேறு இடங்களில் குத்தி, பொதுவாக மூன்று முறை ரத்தம் எடுத்து, எந்தக் கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். ‘எதுக்கு இவ்வளவு ரத்தம்?’ என்று வீட்டார் சண்டைக்குப் போவதும் உண்டு. பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லியாவது வேண்டும். குறைந்தால் கிருமி சிக்காமல் போகலாம். முன்னமே விழுங்கிய நாலு மாத்திரை வால்வில் இருப்பதைக் கொல்லாது, ஆனால் கல்ச்சரில் வளரவிடாமல் செய்துவிடும். அப்புறம் எந்த மருந்து என்பதை ஊகித்துத்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காதீர்கள், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக வாரக்கணக்கில் டைபாய்டு மருந்து சாப்பிடுவதும் இதே ரகம். பழைய தொற்று, தடுப்பூசி இருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும். வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், எடை குறைந்தால், ராத்திரியில் வியர்த்துக் கொட்டினால் கல்ச்சரும் எக்கோவும் (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) வேண்டும். முதல் எக்கோ நார்மல் என்றாலும் சந்தேகம் தீராவிட்டால், உணவுக் குழாய் வழியாக எடுக்கும் எக்கோ தேவைப்படலாம்.

அடுத்தது பல் விஷயம். ‘21 நாளைக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போடுறேனே, பல் பிடுங்க தனியா மருந்து எதுக்கு?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊசி ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க. பல் பிடுங்கும்போது வால்வைக் காக்க அது போதாது. அதோடு, வாயில் உள்ள கிருமிகள் பெனிசிலினுக்குப் பழகிப்போயிருக்கலாம் என்பதால் டாக்டர் வேறு வகை மருந்து தரக்கூடும். செயற்கை வால்வு உள்ளவர்களும், ஒருமுறை இந்தத் தொற்று வந்து தேறியவர்களும் பல் பிடுங்கும் முன் ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் போட்டே ஆகவேண்டும். பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரும் முன்பே வால்வு பற்றிச் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், அந்த ஒரு டோஸைவிட ஈறு புண்ணாகாமல் தினமும் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியம்.

கிருமி ரத்தத்தில் நுழையத் தோலும் ஒரு வழி. அதனால் கட்டியைக் கிள்ளிப் பிதுக்காதீர்கள். கையில் போட்ட ஊசிக்குழாய் சிவந்து வலித்தால் உடனே நர்ஸிடம் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின் நடக்கும் தவறும் ஒன்று உண்டு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். ‘நல்லாத்தானே இருக்காரு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கூட்டிப்போவார்கள். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் நரம்பில் மருந்து ஏற வேண்டும். தோட்ட வேலையில் ஒன்றரை மாதக் கூலி போவது சின்ன விஷயமில்லை, அது புரிகிறது. அதனால் சேரும் அன்றே எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டு, கூட யார் இருப்பது, வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.