ஹம்பக்கர் மாற்றப் போகிறீர்களா? கிலோ ஓமைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் ஒலி பிடிக்கவில்லை என்றதும் புது பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்; இரண்டு சுருள் இருந்தால் ஹம்பக்கர், ஒன்று என்றால் சிங்கிள் காயில்) விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, பிக்கப்புக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் என்றால் சரி. நான்கைந்து இருந்தால் ஒலி மெலிந்துதான் கேட்கும். பக்கவாட்டுத் திருகுகளைத் திருகி உயர்த்திப் பாருங்கள், காசு மிச்சமாகலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால், அடுத்து பலரும் விழும் குழி கிலோ ஓம் எண். 16 என்று போட்டிருந்தால் 8 போட்டதைவிட இரண்டு மடங்கு சத்தம் வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த எண் சொல்வது சுருளில் இருக்கும் செம்புக் கம்பியின் மின்தடையை மட்டும்தான். சுற்று கூடினாலும் தடை கூடும், கம்பி மெலிந்தாலும் கூடும். சீமோர் டங்கன் கம்பெனியின் ஜேபி பிக்கப் 16க்கு மேல். டிமார்சியோ கம்பெனியின் சூப்பர் டிஸ்டார்ஷன் 14க்குக் கீழ். அதை வைத்து இரண்டாவதைச் சாது என்று எண்ணினால் போச்சு! 1970களில் ஆம்ப்ளிஃபயரைத் திணறடிக்கவென்றே செராமிக் காந்தம் வைத்துச் செய்தது அது. ஜேபியில் இருப்பது ஆல்னிகோ 5 என்ற வேறு வகைக் காந்தம். 1950களில் கிப்சனுக்காக சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர்கள் பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓம்தான். அவற்றை யாரும் சோப்ளாங்கி என்று சொன்னதில்லை. காந்தமும் சுருள் கம்பியின் தடிமனும் ஒன்றாக இருக்கும் இரண்டு பிக்கப்புகளை ஒப்பிட மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

நான் கையைச் சுட்டுக்கொண்டது வேறொன்றில். ஃபிளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) உள்ள கிட்டாருக்கு ஆசை ஆசையாக ஒரு பிக்கப் வாங்கி, மாட்டிய பிறகுதான் பார்த்தேன்: ஓரத்துக் கம்பிகள் இரண்டும் காந்த முனைகளுக்கு வெளியே நின்றன. கிப்சன் வகைக்கு ஓரத்துக் காந்த முனைகள் இரண்டுக்கும் இடையிலான அகலம் ஏறக்குறைய 49, 50 மி.மீ.; ஃபிளாய்ட், ஃபெண்டர் வகைக்கு அதைவிட இரண்டு மூன்று மி.மீ. அதிகம். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, கண்ணைத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்கேலால் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பிரிட்ஜுக்கென்று சுற்றியதை நெக் (கழுத்து) பக்கம் மாட்டாதீர்கள். அங்கே கம்பி அதிகமாக ஆடும், அடித்தொனி குழம்பிவிடும்.

சிங்கிள் காயில் கிட்டாரில் ஹம்பக்கர் வைப்பவர்கள் வால்யூம் பாட்டை (குமிழுக்கு அடியில் உள்ள மாறுதடையை) கவனிப்பதில்லை. பழைய 250 கிலோ ஓம் பாட் இருந்தால் ட்ரெபிள் மங்கி, போர்வை போர்த்தியதுபோலக் கேட்கும். 500 போடுங்கள். இஎம்ஜி மாதிரி ஆக்டிவ் பிக்கப் என்றால் கதை வேறு: 25 கிலோ ஓம் பாட் வேண்டும், 9 வோல்ட் பேட்டரிக்கு உள்ளே இடமும் வேண்டும்.

காயில் ஸ்பிளிட் (இரண்டு சுருளில் ஒன்றை மட்டும் ஒலிக்க விடுவது) ஆசை இருந்தால் நான்கு வயர் உள்ளதாக வாங்குங்கள். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் வயர்), டிமார்சியோவில் சிவப்பு ஹாட். இரண்டிலும் பச்சை கிரவுண்ட். இரண்டு கம்பெனி பிக்கப்பைக் கலந்து மாட்டி, ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்து ஒலிக்க விட்டதும் ஒலி ஒல்லியாக, மூக்கால் பேசுவதுபோல வந்தால், பிக்கப் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஃபேஸ் மாறியிருக்கிறது, அதாவது இரண்டின் சிக்னலும் எதிரெதிராக ஒன்றையொன்று குறைக்கின்றன. நான்கு வயர் உள்ள ஒரு பிக்கப்பில் மட்டும் ஹாட்டையும் கிரவுண்டையும் இடம் மாற்றி சால்டர் செய்யுங்கள். உறைக்கம்பி (பிளாஸ்டிக் உறை இல்லாத வெற்றுக் கம்பி) மட்டும் கிரவுண்டிலேயே இருக்கட்டும்.