தேய்கிறதா, தற்செயலா? பன்னிரண்டு எண்களில் ஒரு சோதனை

போயிங் 720 விமானம் ஒன்றின் ஏசி, பழுதுக்கும் பழுதுக்கும் இடையே ஓடிய மணி நேரங்கள் இவை: 487, 18, 100, 7, 98, 5, 85, 91, 43, 230, 3, 130. புள்ளியியலாளர் ஃப்ராங்க் புரோஷன் 1963-இல் வெளியிட்ட தரவில் ஒரு பகுதி.

சராசரி 108 மணி நேரம். உடனே, "நூறு மணி நேரம் ஆனதும் மாற்றிவிடலாம்" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். பாகம் தேய்ந்து பழுதானால்தான் முன்கூட்டியே மாற்றுவதில் பயன் உண்டு. தற்செயலாகப் பழுதாகிறது என்றால், பழையதும் புதியதும் ஒன்றுதான்; நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்ததுதான் மிச்சம். இதைச் சராசரி சொல்லாது.

முதலில், மேலே உள்ள வரிசையை அப்படியே பாருங்கள். இடைவெளிகள் போகப்போகக் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு சிக்கல், அதற்கு வேறு சோதனை. இங்கே அப்படித் தெரியவில்லை. சரி, இனி ஏறுவரிசையில் அடுக்கலாம்: 3, 5, 7, 18, 43, 85, 91, 98, 100, 130, 230, 487.

அடுத்து, மொத்த இயங்கு நேரம். ஒவ்வொரு இடைவெளியையும் ஒரு தனிப் பாகத்தின் ஆயுளாக எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு பாகங்களும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பழுது 3-ஆம் மணியில். அதுவரை எல்லாம் சேர்ந்து ஓடியது 12 × 3 = 36. இரண்டாவது பழுது 5-ஆம் மணியில். முதலில் பழுதானது ஓடிய 3, மீதிப் பதினொன்றும் ஓடிய 55, ஆக 58. இப்படியே போனால் 78, 177, 377, 671, 707, 742, 750, 840, 1040. கடைசியில் 1297. இந்த இடத்தைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் சோதனை மனதில் நிற்கும்.

அப்புறம், முதல் 11 எண்களையும் 1297-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். 4.22 வரும். தேய்மானமே இல்லையென்றால் (அதாவது பழுது வீதம் எப்போதும் மாறாத அடுக்குக்குறிப் பரவல் என்றால்) இந்தப் பின்னங்கள் 0-க்கும் 1-க்கும் இடையே சீராகச் சிதறும். எனவே எதிர்பார்க்கும் கூட்டல் 11 ÷ 2 = 5.5, திட்ட விலக்கம் (தற்செயலாகக் கூட்டல் எவ்வளவு விலகும் என்பதற்கான அளவு) 11/12-இன் வர்க்கமூலம், 0.957.

(4.22 − 5.5) ÷ 0.957 = −1.33.

தேய்மானம் என்று சொல்ல, 5 சதவீத அளவில் (தேய்மானம் இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம்) இது +1.645-ஐத் தாண்ட வேண்டும். இங்கே குறியே எதிர்ப்பக்கம். தேய்மானத்துக்குச் சான்று இல்லை. பன்னிரண்டே எண்கள் என்பதால் "தேயவே தேயாது" என்றும் அடித்துச் சொல்லக்கூடாது.

இதே கணக்கை 1956-இல் லீப்லைன், ஜெலன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட 23 பால் பேரிங்குகளின் ஆயுள் தரவுக்குப் போட்டேன். கூட்டல் 15.65, எதிர்பார்ப்பு 11, விடை ஏறத்தாழ 3.4. ஓட ஓட உலோகம் களைத்துப்போகிறது. பழுதுகள் பிந்தி வந்து குவிவதால் பின்னங்கள் 1-ஐ நோக்கி நெருங்கிவிடுகின்றன. இங்கே முன்கூட்டியே மாற்றுவதை யோசிக்கலாம்.

தொடக்கத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: எண்ணிக்கை கூடட்டும் என்று பல விமானங்களின் தரவை ஒன்றாகக் கொட்டுவது. ஒவ்வொரு விமானத்திலும் பழுது வீதம் மாறாமல் இருந்தாலும், விமானத்துக்கு விமானம் அது வேறுபட்டால், மோசமானவற்றின் பழுதுகள் சீக்கிரம் வந்துவிடும். நீண்ட இடைவெளிகள் பெரும்பாலும் நல்லவற்றுடையவை. கலவையைப் பார்த்தால் நாளாக நாளாக ஏசி உறுதியாவதுபோல் தெரியும். புரோஷன் அந்தக் கட்டுரையில் விளக்கியது இதைத்தான். அதனால் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.