இரும்புக் குறியில் கண்ணைப் பழக்குவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இலங்கை மலையகத்தின் தியத்தலாவையில் இராணுவக் கல்வியகம் இருப்பதால், அந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் கடெற் அணியில் சேரும் பிள்ளைகளுக்கு ரி-56 என்ற இராணுவத் துப்பாக்கியின் பெயர் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது. அவர்கள் முதலில் கேட்பது அந்தத் துப்பாக்கி எவ்வளவு தூரம் நேராகச் சுடும் என்பதைத்தான். போர்க்களத்தில் ரவை தவறிப்போவதற்குத் துப்பாக்கியின் குறைபாட்டைவிடச் சுடுபவரின் கண்ணும் மூச்சும் விரலுமே பெரும்பாலும் காரணமாகின்றன. ஆகவே இந்தப் பயிற்சியைக் கண்ணிலிருந்து தொடங்குகிறோம். இதற்கு ஒரு ரவைகூடத் தேவையில்லை.

முதலில் பயிற்றுநரின் முன்னிலையில் ரவைக்கூட்டைக் கழற்றி, குழலில் ரவை அமரும் அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். ரவைகள் அந்த இடத்திலேயே இருக்கக்கூடாது. பாடசாலைகளில் காற்றழுத்தத் துப்பாக்கியே இதற்குப் போதும்.

இரும்புக் குறி என்பது குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் உள்ள பின்குறி, முன்குறி ஆகிய இரண்டும்தான். கண்ணுக்கு அருகிலுள்ள பின்குறியில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். குழலின் நுனியருகே முன்குறியின் ஊசி நிற்கும். ஊசியின் தலை பள்ளத்தின் இரு தோள்களோடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஊசியின் இருபுறமும் சமமான வெளிச்சக் கீற்றுத் தெரிய வேண்டும்.

கண்ணால் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. தெளிவை முன்குறிக்குக் கொடுங்கள். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். புதியவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள் என்பதால் கணக்கைச் சொல்கிறேன். ரி-56 போன்ற துப்பாக்கிகளில் இரு குறிகளுக்கும் இடையே ஏறக்குறைய 378 மி.மீ. இருக்கிறது. ஊசி பள்ளத்தின் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால், ரவை 100 மீற்றரில் 26 செ.மீ., 300 மீற்றரில் 79 செ.மீ. விலகிப் போகும். மங்கலான இலக்கில் நீங்கள் 5 செ.மீ. தள்ளிக் குறிவைத்தாலோ, ரவையும் அந்த 5 செ.மீ. மட்டுமே தள்ளிப் படும்.

இனி முக்கோணப் பயிற்சி. துப்பாக்கியை மணல் மூட்டைகளின் மேல் அசையாமல் பதித்து, 10 மீற்றர் தூரத்தில் ஒரு பெட்டியில் வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். நண்பர் ஒருவர் நடுவில் துளையிட்ட கறுப்பு வட்டத்தைத் தாளின் மேல் பிடிக்கட்டும். நீங்கள் துப்பாக்கியைத் தொடாமல் குறிகளின் வழியே பார்த்து, வட்டம் சரியான இடத்துக்கு வரும்வரை, "கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கீழே" என்று வழிநடத்துங்கள். அவர் துளை வழியே பென்சிலால் புள்ளி வைத்து, வட்டத்தை எடுத்துவிடுவார். தலையை உயர்த்தி, மறுபடி குனிந்து, இதை மும்முறை செய்யுங்கள். மூன்று புள்ளிகளையும் இணைக்கும் முக்கோணம் சிறிதாக இருந்தால், உங்கள் கண் ஒவ்வொரு முறையும் ஒரே காட்சியையே கண்டிருக்கிறது. பக்கம் 1 செ.மீ. என்றால், அதுவே 300 மீற்றரில் 30 செ.மீ. ஆகும். முக்கோணம் மேலும் கீழுமாக நீண்டால், பெரும்பாலும் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் ஒரே இடத்தில் பதியவில்லை.

மலையகத்து ஒளி தனிக்கவனம் கேட்கும். பனிமூட்டம் விலகிப் பக்கவாட்டில் வெயில் விழும்போது, கண் ஊசியின் பளபளக்கும் விளிம்பையே முழு ஊசியாக எண்ணி நடுவில் வைத்துவிடும்; ரவை வெயிலுக்கு எதிர்ப்புறம் ஒதுங்கும். மெழுகுவர்த்திப் புகையால் ஊசியைக் கறுப்பாக்குவது பழைய வழி, இன்றும் பயன்படும்.

சரிவும் அப்படித்தான். 30 பாகைச் சரிவில் 300 மீற்றர் தொலைவிலுள்ள இலக்குக்குக் கிடைமட்டத் தூரம் ஏறக்குறைய 260 மீற்றர்தான். ரவையின் வீழ்ச்சி அந்தத் தூரத்துக்கே உரியதாக இருப்பதால், குறியை 300 மீற்றருக்கு வைத்திருந்தால், மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் ரவை சற்று உயரத்திலேயே படும்.

முக்கோணம் சிறுத்த பிறகு, வெறுங்கையுடன் ஒரு மேட்டில் ஓடி ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே அதே பயிற்சியைச் செய்து, இரு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். களத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும் துல்லியத்தை இரண்டாவது தாள் காட்டும். இனி வரும் பயிற்சிகளை அந்தத் தாளைக் கொண்டே அளந்துபாருங்கள்.