பக்கத்து வீடுதானே என்று போகாதீர்கள்: அமெரிக்காவில் எல்.எல்.எம். படிக்கும் கனடியர்கள் விடும் பிழைகள்

எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டம் படிக்க நான் போன அன்று எங்கள் வான் வண்டியில் ஐந்து பேர். அப்பா ஓட்டினார். அம்மாவின் மடியில் புட்டுப் பெட்டி. பின்னால் தங்கையும் மாமாவும், அவர்களை அமுக்கிக்கொண்டு என் தலையணைகளும். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டு நயாகரா ஆற்றின் மேலுள்ள ஒரு பாலத்துக்கு வந்தபோது, எங்கே போகிறீர்கள் என்று எல்லை அதிகாரி கேட்டார். "மகனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரப்போகிறோம்" என்றார் அப்பா. ஐந்து கனடியக் கடவுச்சீட்டுகளையும் பார்த்துவிட்டு அவர் கையசைத்தார், நாங்களும் போய்விட்டோம். கல்லூரி தந்த ஐ-20 என்ற மாணவர் படிவம் எந்தப் பையில் கிடக்கிறது என்று தேடவே தேவைப்படவில்லை. அது நல்ல சகுனம் என்று அம்மா சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் என் ஐ-94 நுழைவுப் பதிவைக் கேட்டார்கள். அப்படி ஒன்று என்னிடம் இல்லை. குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் நான் மாணவன் அல்ல, நீர்வீழ்ச்சி பார்க்க வந்த உல்லாசப் பயணி. சட்டத்தில் முதுகலை படிக்க வந்தவன் செய்த முதல் காரியம் அது. பிறகு பேருந்து பிடித்து எல்லைக்குத் திரும்பி, கனடாவுக்குள் கால் வைத்து, எல்லாக் கடதாசிகளையும் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி நுழைந்தேன்.

இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த வகுப்புத் தோழர்கள் யாரும் இந்தப் பிழையை விடவில்லை. அவர்கள் தூதரக நேர்முகத்துக்காக மாதக்கணக்கில் தயாரானவர்கள், ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூன்று பிரதி வைத்திருந்தவர்கள். நாங்கள்தான் பக்கத்து வீட்டுக்குப் போவதுபோலப் போகிறோம். ஒரே மொழி, ஒரே தொலைக்காட்சி, ஒரே கோப்பிக் கடை. கனடிய மாணவர்கள் விடும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

விசா வேண்டாம், கடதாசி வேண்டும்

கனடியக் குடிமக்களுக்கு எஃப்-1 என்ற மாணவர் விசா முத்திரை தேவையில்லை. ஆனால் எஃப்-1 என்ற அந்தஸ்து தேவை, அதை எல்லையில்தான் தருவார்கள். அதற்குக் கல்லூரி அனுப்பிய ஐ-20, செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு 350 டொலர் கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு, சேர்க்கைக் கடிதம், படிப்புச் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். காரின் பின்பெட்டியில் அல்ல, கையில். படிப்புத் தொடங்கும் நாளுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகப் போனால் மாணவராக அனுமதிக்க மாட்டார்கள். ரொறன்ரோ பியர்சன் போன்ற விமான நிலையங்களில் அமெரிக்கச் சோதனை கனடிய மண்ணிலேயே முடிந்துவிடும். ஏதாவது குறைந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போகலாம், அதனால் முதல் பயணத்துக்கு விமானமே நல்லது என்பது என் எண்ணம். எப்படிப் போனாலும் அன்றிரவே இணையத்தில் ஐ-94 பதிவைத் திறந்து, எஃப்-1 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சலுகை குடிமக்களுக்கு மட்டும். பி.ஆர். என்ற கனடிய நிரந்தர வதிவிட அட்டையுடன் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், இருபது வருடம் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் வாழ்ந்திருந்தாலும், எல்லோரையும் போல விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்தான். குடியுரிமை விண்ணப்பத்தை "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் எங்கள் ஆட்களில் ஏராளம். அந்தத் தள்ளிப்போடலின் விலை இங்கேதான் தெரியும்.

நன்றியறிதல் நாளுக்கு வீட்டுக்கு வந்து போகும்போது இன்னொரு விடயம். ஐ-20 படிவத்தில் கல்லூரி அதிகாரியின் பயணக் கையெழுத்து இருக்க வேண்டும், அது ஒரு வருடத்துக்குச் செல்லும். அப்புறம் கஞ்சா. கனடாவில் அது 2018 ஒக்டோபர் 17 முதல் சட்டப்படி சரி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் குற்றம், எல்லையை ஆள்வது அந்தச் சட்டம்தான். பையில் மிச்சம் கிடந்தாலும் சிக்கல், பயன்படுத்தியதாக வாயால் ஒப்புக்கொண்டாலும் சிக்கல் வரலாம். நியூயோர்க் மாநிலத்தில் விற்கிறார்களே என்று எல்லையில் நின்று வாதாடாதீர்கள். அது சட்ட மாணவருக்கு அழகான வாதம், அவ்வளவுதான்.

எதற்காகப் போகிறீர்கள்?

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றிலும் விலை கூடிய பிழை இது. சட்டத்தரணி உரிமத்துக்கான நியூயோர்க் பார் பரீட்சை எழுத எல்.எல்.எம். கட்டாயம் என்று நினைத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கனடாவில் பொதுச் சட்டத்தில், அதாவது முன்தீர்ப்புகளின் மேல் வளர்ந்த ஆங்கிலேயச் சட்ட மரபில், ஜே.டி. அல்லது எல்.எல்.பி. என்ற மூன்று வருட அடிப்படைச் சட்டப் பட்டம் முடித்தவருக்கு அது பொதுவாகத் தேவையில்லை. நியூயோர்க் நீதிமன்ற விதி 520.6, வெளிநாட்டுப் பட்டத்தில் இரண்டைப் பார்க்கிறது: படித்த காலம் போதுமா, படித்த சட்டம் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டதா. ஒன்ராறியோவிலோ பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ பெற்ற வழக்கமான பட்டம் இரண்டிலும் தேறும். கியூபெக்கில் சிவில் சட்டம் என்ற சட்டக்கோவை மரபை மட்டும் படித்தவருக்கு இரண்டாவது இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் எல்.எல்.எம்.

பெரிய அமெரிக்கச் சட்டக்கல்லூரிகளில் எல்.எல்.எம். ஒரு வருடத்துக்குக் கல்விக் கட்டணம் மட்டும் 70,000, 80,000 அமெரிக்க டொலர் என்று போகிறது. வாடகை, சாப்பாடு, காப்புறுதி சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதைக் கனடிய டொலரில் பெருக்கிப் பார்க்க உங்களுக்கே மனம் வராது. பரீட்சை எழுதும் தகுதி ஏற்கனவே இருக்கும்போது அதே தகுதிக்காக இவ்வளவு செலவழிப்பது நியாயமா? உங்கள் பட்டம் தேறுமா என்று நியூயோர்க் தேர்வுச் சபையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடலாம். உங்கள் பல்கலைக்கழகம் ஆவணங்களை நேரடியாக அனுப்ப வேண்டும், பதில் வரப் பல மாதம் எடுக்கும், ஆகவே அதைச் செய்து முடித்துவிட்டுச் சேர்க்கைப் பணம் கட்டுங்கள்.

போகவே கூடாது என்று சொல்லவில்லை. வரிச் சட்டத்தில் ஆழமாக இறங்க, பேராசிரியராக, முனைவர் பட்டத்துக்கு வழி தேட என்றால் எல்.எல்.எம். நல்ல வழி. பின்னாளில் கனடாவின் தலைமை நீதியரசரான போரா லாஸ்கின் 1937இல் ஹார்வர்டில் எல்.எல்.எம். முடித்துத் திரும்பியவர். ஆனால் ஒன்பது மாதப் படிப்பு, பெரிய நிறுவனத்தில் வேலைக்குக் கதவு திறந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். அந்த நிறுவனங்களின் முக்கிய ஆட்சேர்ப்பு அமெரிக்க ஜே.டி. மாணவர்களைச் சுற்றித்தான் நடக்கிறது. நீங்கள் ஓகஸ்டில் போய்ப் பெட்டியைப் பிரிக்கும்போது அதில் பெரும்பகுதி முடிந்திருக்கும். கனடாவில் ஆர்ட்டிக்ளிங் என்ற, உரிமத்துக்கு முந்திய தொழிற்பயிற்சி இடத்தை விட்டுவிட்டுப் போகிறவர்கள், அந்த இடம் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்.எல்.எம். ஆர்ட்டிக்ளிங்குக்கு ஈடாகாது.

சிவில் சட்டக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பாரை நினைத்து எல்.எல்.எம். எடுக்கிறீர்கள் என்றால் பிடித்த பாடங்களை மட்டும் பொறுக்க முடியாது. மொத்தம் 24 கிரெடிட். அதற்குள் தொழில் ஒழுக்கத்தில் 2, சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அறிமுகத்தில் 2, பரீட்சைக்கு வரும் பாடங்களில் 6 இருக்க வேண்டும். மனித உரிமைக் கருத்தரங்குகளாக அடுக்கிவிட்டு ஏப்ரலில் விழித்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். பார் பரீட்சையில் தேறத் தேவையான 266 எடுத்தாலும் உரிமம் உடனே கைக்கு வராது. தொழில் ஒழுக்கப் பரீட்சையில் 85, அதோடு 50 மணி நேர இலவசச் சட்டப்பணியும் முடித்திருக்க வேண்டும். அந்த 50 மணி நேரத்தைப் படிக்கும் வருடத்திலேயே கல்லூரியின் சட்ட உதவி மையத்தில் முடித்துவிடுவது புத்தி.

வகுப்பில்

எல்லாம் பொதுச் சட்டம்தானே என்று அசட்டையாக உட்கார்ந்தால் அடி விழும். கனடாவில் குற்றவியல் சட்டம் நாடு முழுதுக்கும் ஒன்று. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கனடிய உச்ச நீதிமன்றம் மாகாணச் சட்டக் கேள்விக்கும் இறுதி விடை சொல்லும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டத்தின் பொருளை முடிவுசெய்வதில்லை, அதில் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்துக்கே கடைசி வார்த்தை. இந்த ஒரு வேறுபாடு மண்டைக்குள் இறங்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சிவில் வழக்கு நடைமுறை வகுப்பில் மாநிலச் சட்டக் கேள்வியில் கூட்டாட்சி நீதிமன்றமும் மாநிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்ற 1938ஆம் ஆண்டின் ஈரி தீர்ப்பு வந்தபோது, கூட்டாட்சி நீதிமன்றம் எதற்காக மாநிலச் சட்டத்தைத் தேடி அலைகிறது என்று புரியாமல் முழித்தேன்.

உரிமை வழக்குகளில் எங்களுக்குக் கனடிய உச்ச நீதிமன்றம் 1986இல் வகுத்த ஓக்ஸ் சோதனை பழக்கம்: அரசின் நோக்கம் என்ன, வழி அளவோடு இருக்கிறதா என்று ஒரே ஏணியில் படிப்படியாக ஏறுவோம். அங்கே, எந்த உரிமை, எந்த வகைப் பாகுபாடு என்பதைப் பொறுத்து நீதிமன்றத்தின் கண்டிப்பே மாறும். அந்தக் கண்டிப்பு எந்த மட்டம் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். பரீட்சைத் தாளில் அளவறிந்து எடை போட்டு எழுதிய என் நேர்த்தியான விடைக்குக் கிடைத்த மதிப்பெண்ணைச் சொல்ல விரும்பவில்லை.

சொற்களும் காலை வாரும். நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் எழுத்து வாதத்தை ஃபேக்டம் என்றால் அங்கே யாருக்கும் விளங்காது, பிரீஃப் என்று சொல்ல வேண்டும். மேற்கோள் காட்டும் முறைக்கு, கனடாவின் மெக்கில் கையேட்டை வீட்டில் வைத்துவிட்டு அமெரிக்காவின் புளூபுக்கைக் கையில் எடுங்கள். தோற்றவர் வென்றவரின் செலவில் ஒரு பங்கைக் கட்டுவது கனடாவில் வழக்கம், அங்கே பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு. இதை மறந்து சமரசப் பேச்சுவார்த்தைப் பயிற்சியில் எதிர்க்கட்சியை மிரட்டினேன், அவர்கள் சிரித்தார்கள்.

மே மாதத்துக்குப் பிறகு

படித்து முடித்ததும் ஓ.பி.டி. என்ற பன்னிரண்டு மாத வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாள் வரை காலம் உண்டு. பிழை எங்கே நடக்கிறது என்றால், தொடங்கும் தேதியைத் தேர்வதில். அனுமதி தொடங்கியபின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது, பார் பரீட்சையோ யூலைக் கடைசியில். மே மாதமே தேதி போட்டவர், புத்தகத்தோடு அறைக்குள் இருந்த நாட்களையெல்லாம் வேலையில்லாத நாட்களாக எண்ணிக் கொடுத்துவிட்டு, பரீட்சை முடியும்போது கையில் சில வாரங்களோடு நிற்பார். சட்டம் விடும் அளவுக்குத் தேதியைப் பின்தள்ளுங்கள்.

கனடியருக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதை மறந்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து எச்-1பி வேலை விசாக் குலுக்கலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் டி.என். என்ற வேலை அந்தஸ்துக்கான தொழில் பட்டியலில் சட்டத்தரணி என்ற தொழில் உண்டு. எல்.எல்.பி. அல்லது ஜே.டி. பட்டமோ, ஒரு மாகாண அல்லது மாநில பார் உறுப்புரிமையோ போதும். குலுக்கல் இல்லை, வேலை தருபவரின் கடிதத்தோடு எல்லையிலேயே கேட்கலாம், ஒரு தடவைக்கு மூன்று வருடம் வரை தருவார்கள். ஆனால் சட்ட உதவியாளர் வேலை அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே கடிதத்தில் வேலையை எப்படி விவரிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இதுவும் குடிமக்களுக்கு மட்டும்.

நிரந்தரமாகத் தங்க நினைப்பவருக்கு ஒரு சங்கடமான செய்தி. கிரீன் கார்ட் வரிசையில் கடவுச்சீட்டின் நாட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறார்கள். சென்னையில் பிறந்த கனடியர் இந்தியாவின் நீண்ட வரிசையில்தான் நிற்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு அந்த வரிசை இல்லை.

காசு, காப்புறுதி

முழுநேரம் படிக்க வெளியே போவதை அறிவித்துவிட்டால், ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரசு மருத்துவக் காப்புறுதி அட்டையை வைத்திருக்கலாம். ஆனால் அதை நம்பிக் கல்லூரிக் காப்புறுதியை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அமெரிக்க மருத்துவமனையில் அவசரத்துக்குப் படுத்தால் ஓஹிப் தருவது நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர். வருமானமே இல்லாவிட்டாலும் அமெரிக்க வரித் துறைக்கு 8843 படிவம் அனுப்ப வேண்டும். கனடிய வரிக்குக் கல்விக் கட்டணத்தைக் காட்ட டி.எல்.11ஏ படிவத்தில் கல்லூரியின் கையெழுத்து தேவை. அங்கே பலருக்கு அந்தப் படிவம் என்னவென்றே தெரியாது, ஆகவே அச்சடித்து நீங்களே கொண்டுபோங்கள், பட்டமளிப்புக்கு முன்பே.

பட்டமளிப்பு என்றதும் அம்மம்மா ஞாபகம். வானில் வந்த ஐந்து பேருக்கும் கனடியக் கடவுச்சீட்டு, அம்மம்மாவிடம் பி.ஆர். அட்டையும் இலங்கைக் கடவுச்சீட்டும். அவருக்கு வருகையாளர் விசா வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் பெப்ரவரி வரை உறைக்கவில்லை. விண்ணப்பித்தபோது கிடைத்த நேர்முக நாள், நான் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே அவருக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.