ஆர்க்கிட் மறுபடி பூக்க, மார்கழிக் குளிர்

லால்பாக் மலர்க் கண்காட்சியில் ஆசையாக வாங்கிய ஆர்க்கிட், பூ உதிர்ந்ததும் வெறும் இலையாக நிற்கிறதா? தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடுகளில் அதிகம் வளர்க்கும் ஃபலனாப்சிஸ் வகை பூக்காம்பு விடுவதற்கு இரவுக் குளிர் வேண்டும். மூன்று நான்கு வாரங்கள், இரவில் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். சென்னையில் என் அக்கா இதற்காகவே ஏசி அறையில் வைக்கிறாள். பெங்களூருவில் நமக்கு அந்தச் சிரமமே இல்லை. கார்த்திகை, மார்கழியில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தாலே வேலை முடிந்தது.

ஆனால் குளிர் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் பற்றவில்லை என்று பொருள். இளம்பச்சைதான் சரியான நிறம். கிழக்குப் பார்த்த ஜன்னல் அருமையான இடம். மதிய வெயில் நேராகப் பட்டால் இலை கருகிவிடும்.

வேர் வெள்ளி நிறமாக வெளுத்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் பொறுங்கள். உப்புள்ள போர்வெல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் நல்லது.

அப்புறம், இலையடியில் புதிதாக ஏதாவது எட்டிப் பார்த்தால் நுனியைக் கவனியுங்கள். உருண்டையாக, வழவழவென்று இருந்தால் வேர். தட்டையாக, சின்னக் கையுறை போல இருந்தால் பூக்காம்பு! அதன்பின் தொட்டியை அடிக்கடி திருப்பாதீர்கள். மொட்டு விரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.