டைரக்டரி சைட்டுல யார்கிட்ட காசு வாங்கணும், எதைப் பூட்டி வைக்கணும்?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் அறுப்பு மிஷின், நடவு மிஷின் வாடகைக்கு விடுறவங்க லிஸ்ட்டை ஒரு சைட்டா போடுறீங்கன்னு வச்சுக்குவோம். வேர்ட்பிரஸ்ல (சைட்டு கட்டுற சாஃப்ட்வேர்) டைரக்டரிஸ்ட், ஹைவ்பிரஸ் மாதிரி லிஸ்ட் போடுற ஒரு ப்ளகின் சேத்தா சைட்டு ரெடி. காசு விஷயத்துலதான் நிறைய பேரு முழிக்கிறாங்க.

ஸ்டெப் 1: யார்கிட்ட வாங்குறது

விவசாயிகிட்ட கேக்காதீங்க. அவருக்கு வேண்டியது ஒரு போன் நம்பர், அதுக்குக் காசுன்னா டீக்கடையில விசாரிச்சுக்குவாரு. மிஷின்காரங்கள்லயும் உள்ளூர்க்காரருக்கு தை மாசம் போன் வச்சு மாளாது, அவரு எதுக்கு உங்களுக்குக் கட்டணும்? வெளி மாவட்டத்துலேந்து லாரில மிஷினை ஏத்திக்கிட்டு வர்றாரு பாருங்க, இங்க ஆள் தெரியாம புரோக்கருக்கு கமிஷன் குடுத்துக்கிட்டு இருப்பாரு, அவருதான் உங்க கஸ்டமர். உள்ளூர் ஆளுங்கள இலவசமா சேருங்க, லிஸ்ட் நிறைஞ்சு தெரியணும்ல.

ஸ்டெப் 2: எதைத் திறந்து விடுறது

ஊரு, தாலுக்கா, பெல்ட் மிஷினா டயர் மிஷினா (ஈர வயல்னா முதல்ல இதைத்தான் கேப்பாங்க) எல்லாம் எல்லாருக்கும் தெரியட்டும். மொத்தத்தையும் லாகினுக்குப் பின்னாடி வச்சா கூகுளே படிக்க முடியாது, அப்புறம் யாரு வருவா? போன் நம்பரை மட்டும் ஓடிபி போட்டுப் பாக்குற மாதிரி வைங்க. அதையும் சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்துக்கான கோடு) மறைச்சா போதும்னு விட்டுறாதீங்க, பிரவுசர்ல வியூ சோர்ஸ் போட்டுப் பக்கத்தோட கோடைப் பாத்தா நம்பர் பல்லைக் காட்டிரும், லாகின் ஆனப்புறம்தான் சர்வர்லேந்து நம்பர் வரணும். எஸ்எம்எஸ் ஓடிபிக்கு டிஎல்டி பதிவு (எஸ்எம்எஸ் அனுப்புறதுக்கு முன்னாடி டெலிகாம் கம்பெனிகிட்ட பண்ற பதிவு) வேணும், அதை முன்னாடியே ஆரம்பிச்சிருங்க. மிஷின்காரர்கிட்ட ஒரு வார்த்தை சம்மதம் கேக்காம அவர் நம்பரை ஏத்தாதீங்க.

ஸ்டெப் 3: எந்த மாடல்

மாச சந்தா இங்க வேலைக்கு ஆகாது, ஏன்னா வருமானமே குறுவை அறுப்பு, சம்பா அறுப்புன்னு பட்டத்துக்குப் பட்டம்தான் வருது, நடுவுல மிஷின் ஷெட்டுல நிக்கிறப்ப கார்டுலேந்து காசு போனா மனுசன் கேன்சல் பண்ணத்தான் செய்வாரு. அதனால குறுவைக்கு ஒரு பிளான், சம்பாவுக்கு ஒண்ணு, ரெண்டும் சேத்தா கொஞ்சம் தள்ளுபடி. ஒரு லீடுக்கு (சைட்டு மூலமா வர்ற ஒரு விசாரிப்பு) இவ்வளவுன்னு வாங்கலாம்தான், ஆனா "அந்த ஆளு சும்மா ரேட் கேட்டாருங்க"ன்னு ஒவ்வொரு காலுக்கும் பஞ்சாயத்து வரும். லிஸ்ட்டுல மேல காட்டுறதுக்குக் காசு வாங்கினா தாலுக்காவுக்கு ரெண்டு மூணு இடத்தோட நிறுத்திக்கங்க, பக்கத்துல விளம்பரம்னு போட்டுருங்க. கூகுள் விளம்பரமான ஆட்சென்ஸ்ல 100 டாலர் சேந்தாத்தான் பணம் கைக்கு வரும், தாலுக்கா அளவு டிராஃபிக்குக்கு அது ரொம்ப தூரம். உள்ளூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பேனர் தேவலாம்.

ஸ்டெப் 4: ரேட்டு, வசூல்

முதல் பட்டம் முழுக்க ஃப்ரீயா விடுங்க. அப்புறம் மிஷினோட ஒரு மணி நேர வாடகைக்குள்ள ரேட் வைங்க, யோசிக்காம கட்டுவாங்க. ஆரம்பத்துக்கு யூபிஐ க்யூஆர் போதும். ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற பேமென்ட் கேட்வேன்னா கமிஷன் உண்டு, 2% எடுக்குறாங்கன்னா 500 ரூபாய்க்கு 10 ரூபாய் போகும், கமிஷனுக்கு மேல 18% ஜிஎஸ்டியும் போட்டா 11.80 ஆகும்.

பிளான் முடிஞ்சா பக்கத்தை டெலிட் பண்ணாதீங்க, நம்பரை மட்டும் மறைங்க, கூகுள்ல பிடிச்ச இடம் அப்படியே இருக்கும். மேட்டூர் அணை ஜூன் 12 திறக்குற வருஷத்துல செப்டம்பர் கடைசிக்கெல்லாம் குறுவை அறுப்பு சூடு பிடிச்சிரும், பம்புசெட்டுக்காரங்க அதுக்கும் முன்னாடியே அறுப்பாங்க, அதனால ரினியூவல் மெசேஜ் ஆகஸ்ட்லயே போயிரணும்.