வீட்டிலேயே காருக்குப் பெயிண்ட் அடிப்பது: முதலில் பானட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

வெயிலில் நிற்கும் பழைய காரில் முதலில் நிறம் கெடுவது பானட்டும் கூரையும்தான். கதவுகள் ஓரளவு பளபளப்போடு இருக்கும்போதே, வானத்தைப் பார்த்துக் கிடக்கும் இந்த இரண்டு பரப்புகளும் வெளுத்துப்போய், தடவினால் தூள் விரலில் ஒட்டும் நிலைக்கு வந்துவிடுகின்றன. 2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 இன்னும் பல வீடுகளின் வாசலில் நிற்கிறது. அப்படிப்பட்ட வெள்ளை நிறக் கார் ஒன்றின் பானட்டை, பட்டறைக்குப் போகாமல் தாமே முதன்முறையாகப் பெயிண்ட் அடிக்க விரும்புகிறவருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முழுக் காரையும் முதல் முயற்சியிலேயே தொடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. பானட்டைத் தனியாகக் கழற்றி, இடுப்பு உயரத்தில் படுக்கவைத்து, நான்கு புறமும் நடந்து வேலை செய்யலாம். அது கிடைமட்டமாக இருப்பதால் பெயிண்ட் எளிதில் ஒழுகாது. தவறு நேர்ந்தாலும் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பைத்தான் மீண்டும் தேய்க்க வேண்டியிருக்கும். வெள்ளையைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மெட்டாலிக் நிறங்களில் உள்ள நுண்ணிய அலுமினியத் துகள்கள் ஒரே சீராகப் படியாவிட்டால் வரிவரியாகவும் திட்டுத்திட்டாகவும் தெரியும். பழகாத கைக்கு அது கடினம்.

அதே நிறத்தை மறுபடி அடிப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காரின் நிறத்தையே மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும். ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கே உரியது என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தெளிவாகச் சொல்கின்றன.

எந்தப் பெயிண்டை வாங்குவது?

இன்று பட்டறைகளில் பெரும்பாலும் பயன்படுவது ஹார்டனர் என்ற இறுக்கும் பொருளைக் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட். அதன் பளபளப்பும் உறுதியும் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவை உண்டாக்கலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சுத்திணறலைத் தூண்டும். வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் இல்லாமல் அதை அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டு வாசலில் அதை அடிக்கவே கூடாது.

ஆகவே முதல்முறைக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டே ஏற்றது. பழைய பெயிண்டர்கள் டியூகோ என்று சொல்வது இதைத்தான். ஹார்டனர் தேவையில்லை, தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும், ஒழுகினாலும் தூசி விழுந்தாலும் தேய்த்துவிட்டு அதன்மேலேயே மீண்டும் அடிக்கலாம். பி.யூ. அளவுக்கு அது நீடிக்காது, பெட்ரோல் சிந்தினால் கெடும், அவ்வப்போது பாலிஷ் கேட்கும். இந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுங்கள்.

நிறத்தின் குறியீடு பெரும்பாலும் இன்ஜின் அறையில் உள்ள உலோகத் தகட்டில் இருக்கும். மாருதியின் சுப்பீரியர் ஒயிட் என்ற வெள்ளைக்கு 26யூ என்பது குறியீடு. ஆனால் பல ஆண்டுகள் வெயில் பட்ட வெள்ளையும் டப்பாவிலிருந்து வரும் வெள்ளையும் ஒன்றாக இருக்காது. பெட்ரோல் ஊற்றும் இடத்தை மூடும், காரின் நிறத்திலேயே உள்ள வெளிமூடியைக் கழற்றி, பாலிஷ் போட்டுத் துடைத்து, நிறம் கலந்து தரும் கடைக்குக் கொண்டுபோய் அதற்கு இணையாகக் கலந்து வாங்குங்கள். பானட்டுக்கு அரை லிட்டர் போதும். மிச்சத்தை இறுக மூடி வைத்தால் பின்னாளில் கீறல்களுக்குப் பயன்படும்.

காற்றுக்கு ஒரு கம்ப்ரசரும், மேலே கோப்பை உள்ள ஸ்ப்ரே கன் ஒன்றும் வேண்டும். நிறத்துக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசிலும் நிறத்துக்கு அடியில் பூசும் பிரைமருக்கு அதைவிடச் சற்றுப் பெரியதும் பொருந்தும். வீட்டுக் கம்ப்ரசர்கள் சிறியவை என்பதால், குறைவான காற்றில் இயங்கும் கன்னாகக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரசர் அந்த ஈரத்தைத் தண்ணீராக்கிக் குழாய்க்குள் அனுப்பும். ஆகவே தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியைக் கட்டாயம் பொருத்துங்கள்.

இடமும் நேரமும்

கடலோர மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து, என்.சி. பெயிண்டின்மேல் பால் போன்ற வெண்மை படரும். பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள். காலையில் பனி விலகிய பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், நேரடி வெயில் படாத நிழலில் வேலை செய்யுங்கள். சூடேறிய தகட்டில் பெயிண்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும். மாலையில் அடித்தால் பூச்சிகள் வந்து ஒட்டும்.

தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து தொலைவில் உள்ள நெருப்பையும் எட்டும். எனவே அடுப்பு, பூஜை அறை விளக்கு, ஊதுவத்தி, பக்கத்தில் ஸ்டார்ட் செய்யும் பைக் ஆகிய எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைத்துப் பாருங்கள். கம்ப்ரசரையும் நீண்ட குழாய் போட்டுத் தள்ளி வையுங்கள். தூசிக்குப் போடும் துணி முகக்கவசம் இந்த ஆவியைச் சிறிதும் தடுக்காது. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜும் அதன்மேல் துகள் வடிகட்டியும் கொண்ட ரப்பர் முகக்கவசம், கண்ணாடி, நைட்ரைல் கையுறை ஆகிய மூன்றும் இல்லாமல் கன்னைக் கையில் எடுக்க வேண்டாம்.

கழற்றுதல், கழுவுதல், தேய்த்தல்

பானட்டின் கீல்கள் இருக்கும் இடத்தை மார்க்கரால் கோடிட்டுக்கொண்ட பிறகே போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். திரும்பப் பொருத்தும்போது இடைவெளி சரியாக அமைய அந்தக் கோடே வழிகாட்டும். கண்ணாடி கழுவும் நீர்க்குழாய் அதில் பொருத்தப்பட்டிருந்தால் அதையும் கழற்றிவிட்டு, இருவராகத் தூக்கி, துணி சுற்றிய இரண்டு முக்காலிகளின்மேல் வையுங்கள்.

சோப்பு நீரில் கழுவிக் காயவைத்ததும், மெழுகையும் சிலிக்கானையும் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். அந்தத் திரவத்தில் நனைத்த துணியால் கரைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், இல்லையேல் உப்புத்தாள் அந்தச் சிலிக்கானைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும். டாஷ்போர்டுக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்ப்ரேயை அன்று அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதிலுள்ள சிலிக்கான் ஒரு துளி பட்டாலும் பெயிண்ட் அங்கே விலகி, மீன்கண் என்று பெயிண்டர்கள் சொல்லும் குழி விழும்.

தின்னரில் நனைத்த துணியைப் பழைய பெயிண்டின் ஓரத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். நிறம் துணியில் இறங்கினாலோ பரப்பு இளகினாலோ, யாரோ முன்பே மறுபெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். புதிய பெயிண்டின் தின்னர் அதைச் சுருங்க வைக்கும் என்பதால், அந்தப் பழைய அடுக்கைத் தேய்த்து எடுத்துவிடுவதே நல்லது. எதுவும் ஆகவில்லையெனில் அது தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய பெயிண்டாகவோ ஹார்டனர் கலந்து அடித்த பெயிண்டாகவோ இருக்கும். அதன்மேலேயே வேலை செய்யலாம்.

இனி வருவதுதான் உண்மையான வேலை. தொழிற்சாலைப் பெயிண்டின் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய படலம் எந்தப் பள்ளத்தையும் நிரப்பாது, எந்தக் கீறலையும் மறைக்காது. பளபளப்பு ஏற ஏற அவற்றை இன்னும் தெளிவாகக் காட்டும். எனவே நீங்கள் செலவிடும் நேரத்தின் பெரும்பகுதி கன் பிடிப்பதில் அல்ல, தேய்ப்பதில்தான் போக வேண்டும்.

துருப்பிடித்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷாலும் 80-ஆம் எண் உப்புத்தாளாலும் (எண் கூடக்கூடத் தாள் நுண்மையாகும்) வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். துருவின்மேல் நேராகப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்தால், அடியில் துரு வளர்ந்து சில மாதங்களில் பட்டியையே தூக்கிவிடும். மீதிப் பரப்பு முழுவதையும் 400-ஆம் எண் வாட்டர் பேப்பரால், தட்டையான ரப்பர் கட்டையில் சுற்றி, நீர் விட்டுத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிடுங்கள். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடங்கள் பள்ளமாக விழும்.

பட்டி வைத்தல்

சிறு பள்ளங்களுக்கு ஹார்டனர் கலக்கும் பாலியெஸ்டர் பட்டி பயன்படும். எடையில் சுமார் 2 விழுக்காடு ஹார்டனர் போதுமானது. அதிகம் சேர்த்தால் பின்னாளில் அந்த இடம் நிறம் மாறும். நம் வெப்பநிலையில் கலந்த பட்டி சில நிமிடங்களிலேயே இறுகிவிடும் என்பதால், எலுமிச்சை அளவுக்கு மேல் ஒருசேரக் கலக்காதீர்கள். இறுகியதும் 80, பிறகு 180, பிறகு 320 என்று எண்களை உயர்த்தித் தேய்க்க வேண்டும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது பல இடங்களில் உள்ள வழக்கம். ஆனால் பாலியெஸ்டர் பட்டி நீரை உறிஞ்சும், அந்த நீர் பெயிண்டுக்கு அடியில் சிக்கிக் கொப்புளமாக எழும். தூசி பறந்தாலும் முகக்கவசம் அணிந்து உலர்வாகவே தேயுங்கள். கண்ணை நம்பாமல், மெல்லிய துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் கைக்குத் தெரியும்.

பிரைமர்

என்.சி. சர்ஃபேஸர் என்ற பிரைமரை டப்பாவில் உள்ள அளவுப்படி கலந்து இரண்டு அல்லது மூன்று கோட்டிங் அடியுங்கள். காய்ந்ததும் கறுப்புப் பெயிண்டை மிக லேசாகப் புள்ளிப்புள்ளியாகத் தூவி, 400, 600 எண் வாட்டர் பேப்பரால் தேயுங்கள். மேடான இடங்களில் கறுப்பு முதலில் மறையும். பள்ளத்தில் அது தங்கி நிற்கும். தங்கிய இடத்தில், ஹார்டனர் தேவைப்படாத என்.சி. பட்டியை மெல்லியதாக இழுத்துக் காயவைத்து மீண்டும் தேயுங்கள். எங்கேனும் உலோகம் தெரிந்துவிட்டால் அங்கே மீண்டும் பிரைமர் வேண்டும்.

நிறம் அடித்தல்

தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். பரப்பை மறுபடியும் மெழுகு நீக்கியால் துடைத்து, தூசியை ஒட்டி எடுக்கும் பிசுபிசுப்புத் துணியால் மிக மென்மையாக ஒருமுறை வருடுங்கள். பெயிண்டையும் நல்ல தரமான தின்னரையும் சம அளவில் தொடங்கிக் கலந்து, காகித வடிகட்டியில் வடித்துக் கோப்பையில் ஊற்றுங்கள். குறிப்பிட்ட பிராண்டின் டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். காற்றழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ. அருகில் வைத்து, சுவரில் ஒட்டிய அட்டையில் அடித்துப் பாருங்கள். இரு முனைகளும் ஒரே அளவில் உள்ள நீள்வட்டம் விழும்வரை திருகுகளைச் சரிசெய்யுங்கள்.

கன்னைப் பரப்பிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தொலைவில், எப்போதும் செங்குத்தாகப் பிடியுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் படியும். தோளிலிருந்து முழுக் கையும் நகர வேண்டும். பானட்டின் விளிம்புக்கு வெளியே விசையை அழுத்தி, மறு விளிம்பைத் தாண்டிய பிறகே விடுங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூடியபடி செல்ல வேண்டும். இந்தக் கையோட்டத்தைக் காரில் பழகாதீர்கள். சென்னையில் இருப்பவர், பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பழைய கதவை வாங்கிவந்து, அதில் கை பழகிய பிறகு பானட்டுக்கு வருவது நல்லது.

முதல் கோட்டிங் அடிப்பரப்பு தெரியும் அளவுக்கு மெல்லியதாகவே இருக்கட்டும். அதை உடனே மூடிவிட வேண்டும் என்ற ஆசைதான் ஒழுகலுக்குக் காரணம். 10 முதல் 15 நிமிட இடைவெளி விட்டு நான்கு முதல் ஆறு கோட்டிங்குகள் அடியுங்கள். தூசியோ பூச்சியோ விழுந்தால் ஈரத்தில் தொடாமல் காயவிட்டு, 600-ஆம் எண் தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டுத் தொடருங்கள்.

வேலை முடிந்தவுடன் கன்னைத் தின்னரால் கழுவிவிடுங்கள். மிஞ்சிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடியுள்ள டப்பாவில் வைத்தால், கசடு அடியில் படிந்ததும் தெளிந்த மேல்பகுதியை அடுத்த முறை கன் கழுவப் பயன்படுத்தலாம்.

பாலிஷும் பொருத்துதலும்

ஒரு வாரமேனும் காயவிடுங்கள். பிறகு 1500, 2000 எண் வாட்டர் பேப்பரைச் சோப்பு நீரில் ஊறவைத்து, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு மறையும்வரை லேசாகத் தேயுங்கள். விளிம்புகளில் பெயிண்ட் மிக மெல்லியதாக இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்து ரப்பிங் காம்பவுண்டைச் சிறிய பகுதிகளாகப் பிரித்துத் துணியால் தேய்த்தால் பளபளப்பு வரும். ஒரு மாதம்வரை மெழுகு பூச வேண்டாம்; உள்ளே மிஞ்சிய தின்னர் வெளியேற வழி வேண்டும்.

பானட்டைப் பழைய மார்க்கர் கோட்டுக்கு நேராகப் பொருத்தி, பகல் வெளிச்சத்தில் பக்கத்து மட்கார்டோடு நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்தியாக இருந்தால் டிக்கி, கதவுகள், கடைசியாகக் கூரை என்று ஒவ்வொன்றாக இதே முறையில் செய்யலாம். கதவுகள் செங்குத்தானவை என்பதால் அங்கே கோட்டிங் இன்னும் மெல்லியதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பருக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால், எவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தாலும் பெயிண்ட் சில மாதங்களில் தோல் தோலாக உரிந்துவிடும்.